இறந்த அத்தையின் பெயரில் கடன் விண்ணப்பம் வந்திருக்கிறது, என்ன செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவின் அக்கா ஆறு வாரம் முன்பு காலமாகிவிட்டார். தனியாக வாழ்ந்தவர், காகித வேலை முழுக்க உங்கள் தலையில். அவருடைய போன் உங்களிடம்தான் இருக்கிறது. நேற்று அதில் “உங்கள் தனிநபர் கடன் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது” என்று ஒரு குறுஞ்செய்தி. கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா, இல்லை சிம்மை முறித்துப் போட்டு ஒரேயடியாக முடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

விட்டுவிடுவது தப்பு. சிம்மை முறிப்பது அதைவிடப் பெரிய தப்பு. வங்கி ஒன்றில், இறந்தவர்களின் கணக்குகளை முடித்துவைக்கும் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் செய்தி. அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள், அதில் கொடுத்திருக்கும் எண்ணுக்கும் பேசாதீர்கள். யாரோ உண்மையிலேயே விண்ணப்பித்திருக்கலாம். அல்லது அந்தச் செய்தியே தூண்டிலாக இருக்கலாம். ஆயிரம் பேருக்கு ஒரே செய்தியை வீசுவார்கள், பதறிப்போய்ப் பேசுகிறவர் மாட்டுவார். செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் தொடர்பு விவரத்தை அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து நீங்களே தேடி எடுங்கள். அவர்களிடம் பேசினால், அடுத்தவர் விவரத்தைச் சொல்ல மாட்டோம் என்று மறுக்கலாம். பரவாயில்லை. நீங்கள் அவர்களிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதைவிட, அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டியதுதான் முக்கியம்: இந்தப் பெயர், இந்தப் பிறந்த தேதி கொண்டவர் இந்தத் தேதியில் இறந்துவிட்டார், சான்றிதழ் இணைத்திருக்கிறேன், இதற்குப் பின் அவர் பெயரில் வரும் எந்த விண்ணப்பமும் மோசடி, நிறுத்துங்கள். இதை எழுத்தில் அனுப்புங்கள். போனில் சொன்னது காற்றோடு போய்விடும். புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் அந்தத் தேதிதான். உயிரோடு இருப்பவர் பெயரில் யாராவது கடன் வாங்கிவிட்டால், “அது நான் இல்லை” என்று நிரூபிக்க அவர் படாத பாடு பட வேண்டும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. சான்றிதழில் ஒரு தேதி, விண்ணப்பத்தில் அதற்குப் பிந்தைய தேதி, பேச்சு முடிந்தது. சிக்கல் வருவது விண்ணப்பத் தேதி இறப்புக்கு முந்தையதாக இருந்தால்தான். அது அபூர்வமும் இல்லை. கடைசி மாதங்களில் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த காலத்தில் பர்ஸ், போன், அட்டைகள் எல்லாம் யார் கையில் இருந்தன என்று யாரும் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள். அதனால் அத்தையின் கணக்கு அறிக்கையை இறந்த நாளிலிருந்து பார்க்காமல், அதற்கு ஆறு மாதம் முன்னாலிருந்து பாருங்கள்.

சரி, ஏன் இப்படி நடக்கிறது? ஒருவர் இறந்தால் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மனிதர்களுக்குத் தெரியும், பதிவேடுகளுக்குத் தெரியாது. இறப்பைப் பதிவு செய்யும் அலுவலகம் ஒரு கட்டடத்தில், வங்கி இன்னொன்றில், வரித்துறை மூன்றாவதில். ஒன்று இன்னொன்றுக்குச் சொல்வதற்கு ஏற்பாடு இருக்கும் நாடுகளிலும் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. பிரிட்டனில் ‘டெல் அஸ் ஒன்ஸ்’ என்று ஒரு சேவை உண்டு; ஒருமுறை சொன்னால் பல அரசுத் துறைகளுக்குச் செய்தி போய்விடும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் தனியார் வங்கிகளுக்குப் போகாது, அதற்கு வேறொரு சேவை. சிங்கப்பூரில் 2022 மே மாதத்திலிருந்து மருத்துவர் சான்றளித்தவுடனே இறப்பு தானாகப் பதிவாகிவிடுகிறது. இந்தியாவில் ஆதார் ஆணையம் 2 கோடிக்கும் மேற்பட்ட இறந்தவர்களின் எண்களை முடக்கியதாக 2025 நவம்பரில் அறிவித்தது. குடும்பத்தாரே இணையத்தில் தெரிவிக்கும் வசதியும் அந்த ஆண்டுதான் வந்தது. அதுவரை அந்த எண்கள் என்ன நிலையில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்கக் கதை இன்னும் வேடிக்கை. அங்கே சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தணிக்கைப் பிரிவு 2015-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கணக்குப்படி 112 வயதோ அதற்கு மேலோ ஆகியும் இறந்ததாகக் குறிக்கப்படாதவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள், அதாவது அங்கத்திய அடையாள எண்கள், சுமார் 65 லட்சம். அந்தக் காலகட்டத்தில் உலகம் முழுக்க அந்த வயதை எட்டியவர்களாக அறியப்பட்டவர்கள் 35 பேர்தான். இதற்கு நேர்எதிர்ப் பிரச்சினையும் அங்கே வந்தது. மோசடியைத் தடுக்க உதவட்டும் என்று இறந்தவர்களின் பட்டியலைப் பொதுவில் கிடைக்கும்படி வைத்திருந்தார்கள். திருடர்கள் அதிலிருந்தே பெயரும் எண்ணும் எடுத்து, இறந்தவர்கள் பெயரில் வரித் தாக்கல் செய்து பணத்தைத் திரும்பப் பெற ஆரம்பித்துவிட்டார்கள். 2013-இல் சட்டம் போட்டு, ஒருவர் இறந்த ஆண்டுக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு அவரது விவரத்தைப் பொதுவில் தராமல் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

ஆக, இறந்த நாளுக்கும் கடைசிப் பதிவேட்டில் “இறந்துவிட்டார்” என்று ஏறும் நாளுக்கும் நடுவிலே இருக்கும் இடைவெளிதான் திருடனுக்குக் கிடைக்கும் அவகாசம். உங்கள் வேலை அதைச் சுருக்குவது. எதை முதலில் மூடுவது, எதைக் கடைசியில் மூடுவது என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.

கடைசியில் மூட வேண்டியது போன் எண். இதைச் சற்று விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் மூடுவதே அதைத்தான். இன்று அந்த எண்தான் அத்தையின் மின்னஞ்சல், வங்கி, காப்பீடு, அரசுத் தளங்கள் எல்லாவற்றுக்கும் சாவி. யாராவது எங்காவது கைவைத்தால் எச்சரிக்கை வருவதும் அதற்குத்தான். நேற்று வந்ததே, அது போல. சிம்மை முறித்திருந்தால் இந்த விண்ணப்பம் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. தவிர, முறித்துப் போட்டாலும் ரீசார்ஜ் செய்யாமல் விட்டாலும் எண் செத்துப்போவதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனம் சில காலம் ஆறப்போட்டுவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். இந்தியாவில் அப்படி ஆறப்போடும் காலம் 90 நாள், அமெரிக்காவில் குறைந்தது 45 நாள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2021-இல், புதிய வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கத் தயாராக இருந்த 259 எண்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 171 எண்கள் பழைய உரிமையாளர்களின் இணையக் கணக்குகளோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. புது உரிமையாளர் யோக்கியராக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அதனால் எண்ணை உயிரோடு வைத்திருங்கள். இங்கே ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. அத்தையின் போன் கட்டணம் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தால், வங்கிக்கு நீங்கள் இறப்பைத் தெரிவித்த அன்றே கணக்கு முடக்கப்படும், கட்டணமும் நின்றுபோகும், எண்ணும் கொஞ்ச நாளில் போய்விடும். என் பழைய மேசைக்கு இப்படி வந்து நின்ற குடும்பங்கள் நிறைய. வங்கிக்குப் போவதற்கு முன்னால் அந்தக் கட்டணத்தை உங்கள் கணக்கிலிருந்து கட்டும்படி மாற்றிவிடுங்கள். எல்லாம் முடிந்தபின், அதாவது ஒவ்வொரு நிறுவனமும் எழுத்தில் உறுதி தந்தபின், தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குச் சான்றிதழ் கொடுத்து முறையாக இணைப்பை ரத்து செய்யுங்கள். அத்தை பெயரில் உங்களுக்குத் தெரியாத வேறு எண் ஏதாவது இருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சிம்முக்கு ஒரு பூட்டும் போடுங்கள். போன் அமைப்பில் சிம் பின் என்று இருக்கும். போட்டுவிட்டால், சிம்மைக் கழற்றி வேறு போனில் செருகுபவருக்கு அது வேலை செய்யாது. பூட்டுத் திரைக்கு மேலேயே ஓடிபி தெரிகிற அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். போன் உங்களிடம் இருக்கிறது, ஓடிபி உங்களுக்கு வருகிறது என்பதற்காக அத்தையின் கணக்கிலிருந்து பணத்தை மாற்றாதீர்கள். இறுதிச் செலவுக்கே என்றாலும் சரி. இறந்தவரின் ஏடிஎம் அட்டையும் பின் நம்பரும் வைத்து மறுநாள் பணம் எடுத்த மகன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் திருடர்கள் இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் செய்ததும், இப்போது அத்தை பெயரில் விண்ணப்பம் போட்டவன் செய்வதும் ஒரே வகை: இறந்தவராக நடிப்பது. பிற்பாடு வாரிசுகளுக்குள் சண்டை வந்தால் முதலில் எடுத்துப் போடப்படும் ஆதாரமும் அந்தப் பரிவர்த்தனைதான். பாருங்கள், குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் தொடாதீர்கள். இறுதிச் செலவுக்கு வங்கியிடமே கேளுங்கள், பல இடங்களில் அதற்கென்று வழி வைத்திருக்கிறார்கள்.

முதலில் மூட வேண்டியவை வங்கியும் கடன் அட்டையும். இறப்பைத் தெரிவித்தவுடன் தனிநபர் கணக்கில் பரிவர்த்தனை நின்றுவிடும், அது போதும். நாமினி, வாரிசுச் சான்று, பணம் கைக்கு வருவது எல்லாம் மெதுவாக நடக்கட்டும். இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். “ஆவணங்கள் எல்லாம் சேர்ந்தபிறகு மொத்தமாகப் போகலாம்” என்று மூன்று மாதம் காத்திருப்பார்கள். தெரிவிப்பதற்கு இறப்புச் சான்றிதழ் ஒன்றே போதும். கூட்டுக் கணக்கா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே விதி வேறு. கடன் அட்டை விஷயத்தில், கணக்கை மூடச் சொல்வதோடு “இறந்தவர்” என்று குறிக்கவும் சொல்லுங்கள். வெறுமனே மூடினால், உயிரோடு இருப்பவர் ஓர் அட்டையைத் திருப்பிக் கொடுத்ததாகத்தான் பதிவாகும், நாளை புது அட்டைக்கு விண்ணப்பம் வந்தால் தடை இருக்காது.

அதே நாளில் கடன் தகவல் நிறுவனங்களுக்கும் எழுதுங்கள். டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ் ஆகிய மூன்றும் பல நாடுகளில் இருக்கின்றன; உங்கள் நாட்டில் வேறு ஏதாவது இருந்தால் அதற்கும். கடன் கொடுக்கிறவர் யாரானாலும் கொடுப்பதற்கு முன் எட்டிப் பார்ப்பது இவர்களுடைய ஏட்டைத்தான். அங்கே “இறந்தவர்” என்ற குறி விழுந்துவிட்டால், பத்து நிறுவனங்களுக்குத் தனித்தனியாக எழுதியதில் பாதி வேலை முடிந்த மாதிரி. கூடவே அத்தையின் கடன் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். நேற்று வந்த விண்ணப்பம் உண்மையானதாக இருந்தால், அந்த நிறுவனம் விசாரித்த தடம் அதில் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாத வேறு கடன்களும் அதில்தான் தென்படும். நீங்கள் யார், எந்த உரிமையில் கேட்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள்; கேட்கத்தான் வேண்டும், கேட்காமல் கொடுத்தால்தான் பயம்.

எழுதும்போது பெயரோடு பிறந்த தேதியையும் அடையாள எண்ணையும் சேர்த்துச் சரிபாருங்கள். ஒரே வீட்டில் ஒரே இனிஷியல், கிட்டத்தட்ட ஒரே பெயர் என்று அண்ணன் தம்பி இருப்பார்கள். தம்பி இறந்ததற்கு அண்ணனின் கணக்கை முடக்கிய சம்பவம் எங்கள் அலுவலகத்திலேயே நடந்தது. அவர் நேரில் வந்து நின்று “நான் உயிரோடு இருக்கிறேன்” என்று கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தைக் கோப்பில் எந்தப் பிரிவில் வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மற்றவை: வரித்துறை, ஓய்வூதியம், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், காப்பீடு. இவற்றுக்குப் பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை, ஒவ்வொன்றாகத் தெரிவித்து ஒப்புகை வாங்குவதுதான். பங்கு, மியூச்சுவல் ஃபண்டு இருந்தால் இந்தியாவில் 2024 தொடக்கத்திலிருந்து ஓரளவு சுலபம். ஒரு நிறுவனத்திடம் சொன்னால் கேஒய்சி எனப்படும் வாடிக்கையாளர் அடையாளப் பதிவு வழியாக மற்றவற்றுக்கும் செய்தி போகும்படி, பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி ஏற்பாடு செய்திருக்கிறது. வரித் தாக்கலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இறந்தவரின் கடைசித் தாக்கலை வாரிசாக நீங்கள் சீக்கிரம் செய்துவிட்டால், அதே பெயரில் இன்னொருவன் போலியாகத் தாக்கல் செய்து பணம் கேட்கும்போது அது இடிக்கும். ஓய்வூதியம் இறந்தபின்னும் வந்துகொண்டிருந்தால், சும்மா விட்டு வைக்காமல் தெரிவித்துவிடுங்கள். திருப்பிக் கேட்கும்போது மொத்தமாகக் கேட்பார்கள்.

அசையாச் சொத்து இருந்தால் அது தனிக் கதை. ஆள்மாறாட்டப் பத்திரப்பதிவு என்பது இணையம் வருவதற்கு முன்பே இருந்த அடையாளத் திருட்டு. பூட்டிய வீடு, வெறும் மனை, தூரத்தில் இருக்கும் வாரிசு, இந்த மூன்றும் சேர்ந்தால் ஆபத்து. மூலப் பத்திரம் எங்கே என்று இன்றே தேடிப் பத்திரப்படுத்துங்கள். பெயர் மாற்றத்தைத் தொடங்குங்கள். பதிவு அலுவலகத்தில் அவ்வப்போது வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, அல்லது உங்கள் நாட்டில் அதற்குச் சமமான தேடல் எதுவோ அது, பழக்கமாகட்டும்.

இனி, விவரங்கள் எங்கிருந்து கசிகின்றன என்று பார்ப்போம். அஞ்சலிக் குறிப்பில் பிறந்த தேதி, பிறந்த இடம், பெற்றோர் பெயர், வீட்டு முகவரி, படித்த பள்ளி எல்லாம் போட்டுவிடுகிறோம். பாசத்தில்தான் போடுகிறோம். ஆனால் வங்கியில் போனில் கேட்கும் பாதுகாப்புக் கேள்விகள் அவைதாமே. பெயரும் பிறந்த தேதியும் மட்டும் வைத்துக்கொண்டு முழு ஆளையே உருவாக்கிவிட முடியும். பிரிட்டனில் ரகசியப் போலீஸ்காரர்கள், குழந்தைப் பருவத்திலேயே இறந்தவர்களின் பெயரையும் பிறந்த தேதியையும் எடுத்துக்கொண்டு பல வருடம் வேறு ஆளாக நடமாடினார்கள். அது 2013-இல் பெரிய விவகாரமாக வெடித்தது, குடும்பங்களிடம் காவல்துறை மன்னிப்புக் கேட்டது. அந்தக் காலத்தில் பழைய பதிவேடுகளைத் தேடி அலைய வேண்டியிருந்த விவரத்தை இப்போது நாமே அழகாக அச்சடித்துப் பகிர்கிறோம். வயதைப் போடுங்கள், பிறந்த தேதி வேண்டாம். முகவரிக்குப் பதில் ஊர் போதும். ஏற்கனவே போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

இன்னொரு கசிவு ஜெராக்ஸ். இந்த ஆறு வாரத்தில் அத்தையின் அடையாள அட்டை நகலை எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? இனிமேல் கொடுக்கும் ஒவ்வொரு நகலின் குறுக்கேயும், எழுத்து முகத்தின் மேலும் எண்ணின் மேலும் போகும்படி, “இன்னார் இறந்த தேதி இது, இந்த நிறுவனத்தில் கணக்கு முடிக்க மட்டும்” என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம். அசல் அட்டைகளை உடனே அழிக்காதீர்கள், சில அலுவலகங்கள் ஒப்படைக்கச் சொல்லும். இறப்புச் சான்றிதழின் சான்றளித்த நகல்களைத் தேவைக்கு மேலேயே வாங்கி வையுங்கள். ஆனால் அந்தச் சான்றிதழிலேயே நிறைய விவரம் இருக்கிறது, அதை வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நிறுத்துங்கள். உறவினர்கள் கேட்பார்கள். “வேலை முடிஞ்சதும் காட்டுறேன்” என்று சொல்லிவிடுங்கள்.

உறவினர்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த விண்ணப்பத்தைப் போட்டது யாரோ முகம் தெரியாத ஆள்தான் என்று உறுதியாக நினைத்துவிடாதீர்கள். அட்டை எங்கே இருக்கும், பின் நம்பர் எந்தப் பிறந்தநாள், பழைய டைரி எந்த அலமாரி என்பதெல்லாம் வீட்டுக்கு வந்து போகிறவருக்குத்தான் தெரியும். யாரையும் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லவில்லை. யார் என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலையும் இல்லை. புகாரில் நடந்ததை மட்டும் எழுதுங்கள், ஊகத்தை எழுதாதீர்கள்; தவறான பெயரை ஒருமுறை எழுதிவிட்டால் குடும்பத்தில் அதைத் திரும்ப எடுக்கவே முடியாது.

மின்னஞ்சலும் சமூக வலைத்தளமும். மின்னஞ்சலைப் போன் எண்ணுக்கு அடுத்தபடியாகக் கடைசியில் மூடுங்கள், காரணம் அதேதான். எந்தெந்த நிறுவனத்தில் கணக்கு இருந்தது என்பதற்கான பட்டியலே உள்பெட்டிதான். ஃபேஸ்புக்கில் நினைவுப் பக்கமாக மாற்றக் கேட்கலாம், மாற்றியபின் யாரும் அதில் உள்நுழைய முடியாது. அத்தை முன்கூட்டியே யாரையாவது நியமித்திருக்கிறாரா என்றும் பாருங்கள். ஃபேஸ்புக், கூகுள், ஆப்பிள் மூன்றிலும் அப்படி ஒருவரைக் குறித்துவைக்கும் வசதி உண்டு. நியமித்தவர்கள் மிகக் குறைவு, ஆனாலும் பார்த்துவிடலாம்.

நேற்றைய விண்ணப்பம் உண்மை என்று தெரிந்தால், அல்லது கடனே கொடுக்கப்பட்டிருந்தால், போலீஸில் எழுத்துப்பூர்வப் புகார் கொடுங்கள். இந்தியாவில் இணைய மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது, பணம் ஏற்கனவே நகர்ந்திருந்தால் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. புகார் நகலையும் சான்றிதழையும் கடன் கொடுத்தவருக்கும் கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அனுப்புங்கள்.

வசூல்காரர்கள் உங்களைக் கூப்பிடுவார்கள். உருக்கமாகவும் பேசுவார்கள், “உங்க அத்தை பேர் கெட்டுப்போகக் கூடாதில்லையா” என்று. ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், “பார்த்துச் செய்கிறேன்” என்றுகூடச் சொல்லாதீர்கள். உண்மையான கடனே ஆனாலும் அது பொதுவாக இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் தீர்க்கப்படும். கூடக் கையெழுத்துப் போட்டவரும் ஜாமீன் நின்றவரும் வேறு கணக்கு, நாட்டுக்கு நாடு நுணுக்கமும் மாறும். மோசடிக் கடனில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எழுத்தில் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுங்கள். அஞ்சலிக் குறிப்பைப் பார்த்துவிட்டு, இல்லாத கடனைச் சொல்லிக் கேட்கும் ஆட்களும் உண்டு. எழுத்தில் கேட்டதும் அவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

எவ்வளவு காலம் கவனிக்க வேண்டும்? என் கணக்கில் இரண்டு வருடம். முதல் ஆறு மாதம் மாதம் ஒருமுறை அத்தையின் தபால், மின்னஞ்சல், போன் மூன்றையும் பாருங்கள். தபாலை உங்கள் முகவரிக்குத் திருப்பிவிட வசதி இருந்தால் உடனே செய்யுங்கள், ஆளில்லாத வீட்டின் தபால்பெட்டி யார் வேண்டுமானாலும் கை விடக்கூடிய இடம். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடன் அறிக்கை. ஒரு நோட்டில் எந்த நிறுவனம், எந்தத் தேதியில் தெரிவித்தேன், புகார் எண், பதில் வந்ததா என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வாருங்கள். பதில் வராத கட்டம்தான் நீங்கள் திரும்பத் தட்ட வேண்டிய கதவு.

இன்று மூன்று வேலை போதும். அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல், கடன் தகவல் நிறுவனங்களுக்குக் கடிதம். அதற்கும் முன்னால், அத்தையின் போனில் ரீசார்ஜ் எந்தத் தேதியோடு முடிகிறது என்று பாருங்கள்.